பொந்தை யார் அடைப்பது? குடியிருப்புப் பூச்சி ஒழிப்புப் பயிற்சிகள் குறித்து

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஊர்ப் பெயர் வேண்டாம். ஓடைக்கரையிலும் சாக்கடையோரத்திலும் குடிசை போட்டிருந்தவர்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த இடம். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, ஒரு கக்கூஸ் என்று அடுக்கடுக்காக வீடுகள். குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர். பறையர் குடும்பங்களும் உண்டு. மீதிப்பேர் என்ன சாதியாக இருந்தாலும், இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த பிறகு ஊர்க்காரன் கண்ணில் எல்லாரும் ஒரே சாதிதான். என் சின்னம்மா அங்கே இரண்டாவது மாடியில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனபோது கீழே பந்தல் போட்டு, மைக் கட்டி, 'பூச்சி ஒழிப்பு விழிப்புணர்வுப் பயிற்சி' நடந்துகொண்டிருந்தது. நானும் போய் உட்கார்ந்தேன்.

பேசியவர் நல்ல மனிதர்தான். கோபப்படவில்லை, அதட்டவில்லை. ராத்திரியில் எச்சில் பாத்திரத்தைக் கழுவி வைக்கச் சொன்னார். குப்பையை மாடியிலிருந்து வீச வேண்டாம் என்றார். தண்ணீர் பிடித்துவைத்த ட்ரம்மை வாரம் ஒரு முறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் டெங்கு கொசு வரும் என்றார். அப்போது முன்வரிசையிலிருந்து ஓர் அக்கா எழுந்து கேட்டார்: "ஏனுங்க சார், தண்ணி வுடறதே பத்து நாளைக்கு ஒருக்காதானுங்க. ஏழாம் நாளு ட்ரம்ம கவுத்துப்போட்டா மிச்ச மூணு நாளைக்குக் குண்டி கழுவறதுக்கு எங்கீங்க போறது?" கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்.

இந்தச் சிரிப்போடு விட்டுவிடலாம்தான். ஆனால் அவர்கள் கொடுத்த துண்டறிக்கை கையில் இருந்தது. அதை ஒரு இலக்கியப் பிரதியை வாசிப்பதைப் போல வாசித்துப் பார்த்தேன். பதினான்கு வாக்கியங்கள். பதினான்கிலும் எழுவாய் 'நீங்கள்'. நீங்கள் துடையுங்கள், நீங்கள் மூடுங்கள், நீங்கள் கொட்டாதீர்கள், நீங்கள் பழகுங்கள். கட்டியவர், பராமரிப்பவர், தண்ணீர் விடுபவர், குப்பை அள்ள வண்டி அனுப்ப வேண்டியவர் ஒருவரும் எழுவாயாக வரவில்லை, செயப்படுபொருளாகக்கூட வரவில்லை. படங்களையும் பாருங்கள். குப்பை வீசும் பெண் கறுப்பு. வீட்டைத் துடைத்து வைத்துக்கொண்டு புன்னகைக்கும் பெண் சிவப்பு. படம் போட்டவருக்கு இது தெரிந்துகூட இருக்காது. தெரியாமலே கை அப்படிப் போகிறதே, அதற்குப் பெயர்தான் சாதி.

கொசுவிலிருந்தே தொடங்குவோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை, நல்ல தண்ணீரில் இடுகிறது. முட்டை கொசுவாவதற்கு நம் வெயிலில் ஏழிலிருந்து பத்து நாள் போதும். ட்ரம்மின் உள்விளிம்பில் ஒட்டிய முட்டை, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி நனைந்தால் பொரிக்கும். அதனால்தான் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்க்க வேண்டும் என்கிறார்கள். இதெல்லாம் உண்மை. 2017ல் தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. அரசுக் கணக்குப்படியே 65 பேர் செத்தார்கள். சேலம் மாவட்டம் கடுமையாக அடிவாங்கிய மாவட்டங்களில் ஒன்று. கொசுப்புழு கண்ட இடங்களுக்கு அபராதம் போட்டார்கள். ஆனால் ஏழு நாளில் கொசுவாகும் பூச்சிக்குப் பத்து நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விடுகிற ஏற்பாடே தொட்டில் கட்டிக்கொடுக்கிறது என்ற கணக்கை அந்தப் பந்தலில் ஒரே ஒருவர்தான் போட்டார். அவர் பயிற்சி கொடுக்க வந்தவர் அல்ல. நாலாப்பு வரை படித்த அக்கா.

அடுத்தது கரப்பான். இதை எல்லாரும் ஒரே பூச்சி என்று நினைக்கிறோம். பெருங்கரப்பான் வேறு, சமையல்கட்டில் அலையும் சின்னக் கரப்பான் வேறு. பெரியது சாக்கடைத் தொட்டியிலும் கழிவுக்குழாயிலும் வாழ்ந்து, குழாய் வழியாக மேலே ஏறி வருவது. சின்னது வீட்டுக்குள்ளேயே, அடுப்பு மேடையின் பிளவிலும் கதவுக் கீலிலும் குடும்பம் நடத்துவது. சின்னதின் ஒரு முட்டைக்கூட்டில் முப்பது நாற்பது குஞ்சு இருக்கும். தாய் அதைப் பொரிக்கும் தருணம் வரை வயிற்றின் நுனியிலேயே சுமந்து திரியும். அதனால்தான் மேலோட்டமாக மருந்தடித்தால் பாதி செத்து, பாதி பிளவுக்குள் ஒதுங்கி, இரண்டு மாதத்தில் மறுபடி நிறைந்துவிடுகிறது. சின்னதுக்குப் பசைபோன்ற இரை மருந்தை மிளகளவு பொட்டு வைத்தால் தின்றுவிட்டுப் போய்ப் பொந்துக்குள் சாகும்; அந்தப் பிணத்தையும் எச்சத்தையும் தின்ற மற்றவையும் சாகும். பெரியதுக்கு இது போதாது. அதற்குக் குழாய்ச்சந்தை அடைக்க வேண்டும்.

இந்தக் குழாய்ச்சந்து என்பதைத்தான் நான் சின்னம்மா வீட்டில் போய்ப் பார்த்தேன். நான்கு மாடிக்கும் ஒரே சந்து. நான்கு மாடிக் கழிவும் இறங்கும் குழாய் அதில்தான். இணைப்பு ஒழுகுகிறது, சுவர் எப்போதும் ஈரம். குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் சிமெண்ட் பூசாமலே விட்டிருக்கிறார்கள். என் முழங்கை நுழைகிறது. சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் ஓட்டை போதும். பெரிய எலிக்குக் கட்டைவிரல் நுழைந்தால் போதும். இங்கே முழங்கை. பெருச்சாளியே குடும்பத்தோடு வந்து போகலாம். சின்னம்மா அந்த ஓட்டையில் பழைய சேலையைத் திணித்து வைத்திருக்கிறார். "ராவிக்குக் கடிச்சு வெளிய இழுத்துப்போட்டுருது கண்ணு. காலைல மறுக்கா திணிக்கறேன்." இதுதான் நான் அங்கே கண்ட பூச்சி மேலாண்மை. துண்டறிக்கையில் இது இல்லை.

சென்னை புளியந்தோப்பு கே.பி.பூங்கா குடியிருப்பை நினைவிருக்கும். 2021 ஆகஸ்டில், புதிதாகக் கட்டிய கட்டடத்தின் பூச்சு கையால் தொட்டாலே உதிர்ந்ததைத் தொலைக்காட்சிகளில் பார்த்தோம். ஐ.ஐ.டி. வல்லுநர்களை வைத்து ஆய்வு செய்தார்கள். அப்போது எல்லாரும் கேட்டது கட்டடம் இடிந்து விழுமா என்பதைத்தான். விழாத கட்டடத்தின் கதை வேறு. உதிர்ந்த ஒவ்வொரு பூச்சும் ஒரு பொந்து. அது யாருக்கும் செய்தியாவதில்லை. அதே ஆண்டில்தான், 1970ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியத்துக்குத் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். 'குடிசை' என்ற சொல் போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்று ஒரு திட்டமும் வந்தது. குடியிருப்போர் சங்கம் வைத்துப் பராமரிப்புத் தொகை கட்டினால், அதற்கு இணையாக அரசும் தரும். கூட்டாகச் சேர்ந்து செலவழிக்கும் அதிகாரம் மக்கள் கைக்கு வருவது சாதாரண விஷயமில்லை. வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் 'நம்' என்ற அந்தச் சொல்லில் யார் யார் அடக்கம்? கட்டும்போதே பூசாமல் விட்டுப்போன ஓட்டையை மாதாமாதம் கட்டும் காசில் அடைத்துக்கொள் என்றால், ஒப்பந்தக்காரரின் மிச்சத்தை நாம் கட்டுகிறோம் என்றாகிறது. பொறுப்பு மட்டும் நம்முடையது; குற்றம் யாருடையதும் இல்லை.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். நாமக்கல் கோழிப்பண்ணைகள். ஆயிரம் ஆயிரமாகக் கூண்டில் கோழிகள், கீழே எரு. எரு ஈரமானால் ஈ. ஈ முட்டை ஒரு வாரம் பத்து நாளில் ஈயாகும். பண்ணைக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். தண்ணீர்க் குழாயின் நிப்பிள் ஒழுகுகிறதா என்று பார்ப்பார், எருவை உலர்த்துவார், வேலையாளுக்குச் சொல்லித்தருவார். நாமக்கல்லில் 1985லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பண்ணையாளர்களுக்குப் பயிற்சி நடக்கிறது. அங்கே யாரும் கோழியைப் பார்த்துச் 'சுத்தமாக இருக்கப் பழகு' என்று சொல்வதில்லை. கூண்டுக்குப் பொறுப்பு கூண்டு கட்டியவர் என்பதில் அங்கே ஒருவருக்கும் சந்தேகமில்லை. பண்ணை ஓரத்துக் கொட்டகையில் தங்கி எரு அள்ளுகிற நம் ஆட்களின் சோற்றில் மொய்க்கும் ஈயைப் பற்றிக் கேட்டால் மட்டும், 'அவுங்க அப்படித்தான் இருப்பாங்க' என்கிற பதில்.

இந்தப் பதிலுக்கு வயது அதிகம். 1896ல் பம்பாயில் பிளேக் வந்தது. எலி செத்து, எலித்தெள்ளு மனிதரைக் கடித்துப் பரவிய நோய். இந்தத் தெள்ளுச் சங்கதி அறிவியலில் நிலைபெறச் சில ஆண்டுகள் ஆயின. அதற்குள் முடிவு எழுதியாகிவிட்டது: ஏழையின் வீடுதான் நோய். வீட்டுக்குள் புகுந்து தேடினார்கள், சாமான்களைக் கொளுத்தினார்கள், மருந்து நீரைக் கொட்டினார்கள். 1898ல் பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட் என்று ஒன்றை அமைத்தார்கள். நெருக்கமான சேரிகளை இடித்து அகலத் தெருப் போட்டார்கள். இடித்த அளவுக்குக் கட்டவில்லை. இடிபட்டவர்கள் பக்கத்துச் சந்தில் இன்னும் நெருக்கமாக அடைந்தார்கள். எலியும் கூடவே போனது. பூச்சியைக் காட்டி மனிதரை அகற்றுவது அன்றைக்கே நகராட்சிக் கலையாகிவிட்டது.

அமெரிக்கக் கறுப்பர்களும் இதையே வேறு ஊரில் பார்த்தார்கள். 1963 கடைசியில் நியூயார்க் ஹார்லெமில் ஜெஸ்ஸி கிரே என்பவர் தலைமையில் வாடகை கொடாப் போராட்டம் நடந்தது. வீட்டுக்காரர் வழக்குப் போட்டார். குடியிருந்தவர்கள் நீதிமன்றத்துக்குச் சாட்சி கொண்டுபோனார்கள்: தங்கள் வீட்டில் பிடித்த எலிகள். 1967 ஜூலையில், நகர்ப்புற எலி ஒழிப்புக்கு 4 கோடி டாலர் ஒதுக்கும் மசோதா அமெரிக்கக் கீழவைக்கு வந்தபோது உறுப்பினர்கள் எலி ஜோக் சொல்லிச் சிரித்தார்கள். விவாதத்துக்கே எடுக்காமல் 207க்கு 176 என்று தள்ளினார்கள். பிறகு வெட்கப்பட்டு வேறு வழியாக நிதி கொடுத்தது தனிக்கதை. 1997ல் ஒரு மருத்துவ ஆய்வு வெளிவந்தது. எட்டு நகரங்களின் ஏழைப் பகுதிகளில் ஆஸ்துமா உள்ள 476 குழந்தைகளைப் பார்த்தார்கள். பெரும்பாலோர் கறுப்பினக் குழந்தைகள், ஸ்பானிய வழிக் குழந்தைகள். அவர்களில் 36.8 சதவீதம் பேருக்குக் கரப்பான் ஒவ்வாமை. பாதிப் படுக்கையறைகளில் கரப்பான் தூசு அளவுக்கு மேல். ஒவ்வாமையும் இருந்து அந்தத் தூசிலும் கிடந்த குழந்தைகள் மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். கரப்பான் என்பது அருவருப்பு விஷயமல்ல, மூச்சு விஷயம் என்று அதற்குப் பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள்.

அதன்பின் அங்கே வந்த பயிற்சிகளைத்தான் நம் பந்தலோடு ஒப்பிட வேண்டும். பாஸ்டன் நகரின் அரசுக் குடியிருப்புகளில் 2000களின் நடுவில் நடந்த வேலையில், குடியிருப்பவர்களையே பயிற்றிச் சுகாதார ஊழியர்களாக வீடு வீடாக அனுப்பினார்கள். கார்னெல் பல்கலைக்கழகம் சார்ந்த ஒரு மையம், மத்திய வீட்டுவசதித் துறைப் பணத்தில் 'ஸ்டாப் பெஸ்ட்ஸ்' என்று நடத்திய பயிற்சியில், மேலாளர், பிளம்பர், துப்புரவாளர், மருந்தடிக்கும் ஒப்பந்தக்காரர், குடியிருப்பவர் எல்லாருக்கும் பங்கு உண்டு. முதல் பாடம் மருந்து அல்ல. ஒட்டும் அட்டையை மூலையில் வைத்து, எத்தனை விழுந்தது, எந்த வீட்டில், எந்தப் பக்கம் என்று எண்ணி எழுதுவது. அடுத்தது ஒழுகலை நிறுத்துவது. அதற்கடுத்தது ஓட்டையை அடைப்பது. மருந்து கடைசி, அதுவும் தேவைப்பட்ட இடத்தில் மட்டும். இந்த வரிசையில் முதல் மூன்றும் நிர்வாகத்தின் தலையில்தான் விழுகின்றன. இதை அப்படியே தூக்கிக் கொண்டாடவும் வேண்டாம். அதே அமெரிக்கக் குடியிருப்புகளில் 'வீட்டைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை' என்று சோதனையில் எழுதி, காலி செய்யச் சொல்லும் வழியும் உண்டு. எண்ணி எழுதும் நோட்டு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது எல்லாம்.

இனி, பந்தலில் யாருமே பேசாத ஆள் ஒருவர். முதுகில் பம்ப் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றவர். கூட்டம் முடிந்ததும் படிக்கட்டுக்கெல்லாம் மருந்தடித்தார். கையுறை இல்லை. மூக்கில் கர்ச்சீப். "என்ன மருந்துங்கண்ணா?" என்று கேட்டேன். "வெள்ளைக் கேனுங்க" என்றார். ஒப்பந்தக்காரர் கலக்கிக் கொடுத்தது; அவருக்குத் தெரிந்தது கேனின் நிறம். நம் நாட்டில் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971 விதிகளும் இருக்கின்றன. வணிகமுறையில் பூச்சி ஒழிப்புச் செய்ய உரிமம் வேண்டும். உரிமத்துக்குப் பட்டப்படிப்பும், குறிப்பிட்ட நிறுவனங்களில் குறைந்தது 15 நாள் பயிற்சியும் வேண்டும். பட்டமும் பயிற்சியும் உரிமக் காகிதத்தில் இருக்கின்றன. பம்ப் இவர் முதுகில் இருக்கிறது. இவரைத்தான் அடைத்துக்கொண்ட செப்டிக் டேங்குக்கும் கூப்பிடுகிறார்கள், 2013 சட்டம் அதைத் தடைசெய்த பிறகும். வயலில் நடந்ததும் இதேதான். 1989ல் இந்தோனேசியாவில் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளி நம் ஊருக்கும் வந்தது. பூச்சியை எண்ணு, நல்ல பூச்சி எது கெட்ட பூச்சி எது பார், பிறகு முடிவெடு என்று சொல்லிக்கொடுத்த அருமையான கல்வி. வகுப்பில் உட்கார்ந்தவர் பட்டா வைத்திருந்தவர். மருந்தடித்தவர் நம் அப்பன்.

பயிற்சி இல்லாத கை என்ன செய்யும் என்பதற்கு ஏழை வீட்டுக்குக்கூடப் போக வேண்டாம். 2024 நவம்பரில் சென்னை குன்றத்தூர் அருகே ஒரு வீட்டில், பூச்சி ஒழிப்பு நிறுவனம் எலிமருந்து வைத்துவிட்டுப் போன பிறகு இரண்டு குழந்தைகள் இறந்தன. அது காசு உள்ள வீடு, செய்தியானது. நம் வீடுகளில் மருந்து பெட்டிக்கடையில் வாங்குவது. மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசை எத்தனை பிள்ளைகளின் ஈரலைத் தின்றது என்பது நம் ஊர் ஆஸ்பத்திரிகளுக்குத் தெரியும். தமிழ்நாடு அரசு அதற்குத் தடை போட 2023 வரை ஆனது. மீதி இருப்பது சாக்பீஸ். 'லக்ஷ்மண் ரேகா' என்று பெயர். கோடு போட்டால் கரப்பான் தாண்டாதாம். கோடு போட்டு இந்தப் பக்கம் சுத்தம், அந்தப் பக்கம் அசுத்தம் என்று பிரிக்கிற வித்தைக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை யார் வைத்திருக்க முடியும்! சின்னம்மா வீட்டு நிலைப்படியிலும் அந்தக் கோடு இருக்கிறது. கரப்பான் கோட்டைத் தாண்டுவதில்லை. சந்து வழியாக வந்துவிடுகிறது.

நம் எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேரியைச் சித்திரிக்கும்போது எலியும் கரப்பானும் மூட்டைப்பூச்சியும் நம் கதைகளில் தாராளமாக வருகின்றன. அருவருப்பை மறைக்காமல் எழுதியது நம் வலிமைதான். நடுவீட்டுக்காரர்களின் மூக்கைப் பொத்தவைத்தோம். ஆனால் நானே எழுதிய இரண்டு கதைகளைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டிலும் எலி வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று இல்லை. வறுமை என்றால் எலி என்று நானும் இயற்கையாக்கிவிட்டிருக்கிறேன். துண்டறிக்கைக்காரர் செய்ததும் அதுதானே. எலி வளையைப் பார்த்தே வாசல் எது, தப்புவழி எது, நெல் குவித்த அறை எது என்று சொல்லக்கூடிய அறிவு நம் பாட்டன்களிடம் இருந்தது. வயலில் இருந்த அந்தக் கண்ணைக் கட்டடத்தில் நான் தொலைத்துவிட்டேன்.

அன்றைக்குக் கேள்வி கேட்ட அக்காவுக்கு ஒட்டும் அட்டை விஷயத்தைச் சொன்னேன். அட்டைக்குக் காசில்லை என்றார்கள். காலண்டர் அட்டையில் எலிப்பிடிக்கும் பசையைத் தடவி, நாலு பெண்கள் சேர்ந்து பன்னிரண்டு வீட்டில் வைத்தார்கள். ஒரு வாரம் எண்ணினார்கள். கணக்கு எழுதியது எட்டாவது படிக்கும் ஒரு பெண்பிள்ளை. சந்தை ஒட்டிய ஆறு வீடுகளில் பெருங்கரப்பான் விழுந்திருந்தது. எதிர்ப்பக்க ஆறில் ஒன்றோ இரண்டோ. துடைத்துத் துடைத்துக் கை தேய்ந்த என் சின்னம்மா வீட்டு அட்டையில்தான் அதிகம். நோட்டைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இத்தன நாளா எம்மேலதான் தப்புன்னு இருந்தேன் கண்ணு."

ஒரு திங்கட்கிழமை மனுவோடு அந்த அட்டைகளையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். ஹார்லெம் கதையை நான் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. வாங்க வேண்டியவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து, "இதெல்லாம் எதுக்கும்மா, வெளிய வையுங்க" என்றாராம். வைக்கவில்லை. மனுவுக்கு ரசீது வாங்கும்வரை மேசைமேலேயே இருந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் வந்து கீழ்த்தளத்திலும் முதல் மாடியிலும் சந்து ஓட்டையைப் பூசிவிட்டுப் போனார்கள். சிமெண்ட் தீர்ந்துவிட்டதாம். இரண்டாம் மாடிக்கு இன்னும் வரவில்லை. சேலைத்துணி அங்கேயேதான் இருக்கிறது. அக்கா அடுத்த மனுவுக்கு அட்டை வைத்திருக்கிறார்.